கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

பறவை பார்க்கிறவர்களின் ரெலஸ்கோப்புக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய ஆட்கள் யாராவது சொல்லிவிடுவார்கள். பறவையைக் கண்டுபிடித்தவர் குழாயை அதன்மேல் நிறுத்திவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் எல்லாம் பார்த்த பிறகுதான் அவர் திரும்பப் பார்க்கலாம். பார்க்க வருகிறவர் குழாயில் கை வைக்கக் கூடாது. கை பட்டால் அது ஒரு நூலளவு அசையும், பறவை நின்ற இடத்தில் வெறும் தண்ணீர்தான் தெரியும். ஆகவே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிய வேண்டும். இன்னொன்றும் உண்டு: கண்டதை உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண்டுவிட்டுப் பேசாமல் நிற்கிறவரை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் மதிப்பதில்லை.

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கை விஷயம் லேசில் வராது. ஒன்றைக் காட்டினால் கையில் வாங்கிப் பார்த்துத்தான் எங்களுக்குப் பழக்கம், அது கூறைச்சேலை என்றாலும் சரி, பிறந்த பிள்ளை என்றாலும் சரி. ஒருமுறை என் மச்சாள் குடும்பத்தை ரொறொன்ரோவில் றூஜ் ஆறு ஏரியில் விழுகிற இடத்துச் சதுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய வெண்கொக்கு ஒன்றைக் குழாயில் நிறுத்தி, "வந்து பாருங்கோ" என்றேன். மச்சாள் வந்தாள், இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள், "ஒண்டையும் காணேல்லை" என்றாள். பிறகு அவளுடைய மகன், பிறகு மருமகள். குடும்பமே வரிசையில் நின்று கொக்கில்லாத தண்ணீரைப் பார்த்து, "நல்ல வடிவு" என்று எனக்காகச் சொல்லிவிட்டு மீன் ரோல்ஸ் சாப்பிடப் போனது.

என் கணவர் மட்டும் அப்படி இல்லை. ஒருதரம் சொன்னேன், அதற்குப் பிறகு ஒருநாளும் பிசகவில்லை. ரெலஸ்கோப்பைக் கண்டதும் கை தானாகப் பின்னால் போய்விடும். வீட்டில் நான் சொல்லி ஒரு பல்ப் மாற்றாத மனுசன் இதை மட்டும் இவ்வளவு சொல்வழி கேட்டுச் செய்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான் அஜின்கோர்ட்டில் ஒரு கிளினிக்கில் அல்ட்ராசவுண்ட் எடுக்கிறேன். அங்கே ஒழுங்கு நேர்மாறு. திரையில் எதைக் கண்டாலும் சொல்லக் கூடாது. அது டொக்டர் சொல்ல வேண்டியது. சோதனைக்கு வருகிற எங்கள் அன்ரிமார் கட்டிலில் படுத்துக்கொண்டு திரையைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "பிள்ளை, ஏதும் கிடக்கோ?" என்று கேட்பார்கள். "டொக்டர் சொல்லுவார், அன்ரி" என்பேன். கட்டி இருந்தாலும் அதே குரல், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதே குரல். இத்தனை வருசத்தில் அதற்கென்று எனக்கு ஒரு முகம் அமைந்துவிட்டது. வீட்டில் என் மகள் அதற்குக் கிளினிக் முகம் என்று பெயர் வைத்திருக்கிறாள். பிறந்தநாளுக்கு அவள் எனக்கு என்ன வாங்கியிருக்கிறாள் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அந்த முகம் வந்துவிடுமாம்.

என் கணவர் பிறம்ரனில் ஒரு கொம்பனிக்கு ட்றெயிலர் ட்ரக் ஓடுகிறார். மொன்றியல், சில கிழமை எல்லைக்கு அப்பால். நாங்கள் இருப்பது நகரத்தின் மறுபக்கம், மில்லிக்கனில். அவர் வரும்போது நான் வேலைக்குப் போய்விடுவேன், நான் வரும்போது அவர் படுத்திருப்பார். ஒன்றாக இருப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அன்றைக்கு என்னைச் சதுப்புக்கு ஏற்றிக்கொண்டு போவார். பறவைமேல் அவருக்கு ஒரு ஆசையும் இல்லை. தண்ணீரில் மிதந்தால் தாரா, காலூன்றி நின்றால் கொக்கு, மற்றதெல்லாம் காகம். "இண்டைக்கு என்ன, தாராவோ கொக்கோ?" என்று கேட்டுவிட்டு, நான் நிறுத்திக் கொடுத்ததைக் குனிந்து பார்த்துவிட்டு, வாங்குப்பலகையில் இருந்துகொண்டு பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பார்.

போன மாரியில், பூநாரை பார்க்கச் சார்டினியாத் தீவுக்குப் போக வேண்டும் என்று ஒருநாள் சும்மா சொன்னேன். அங்கே காலியாரி என்கிற பட்டினத்துக்குள்ளேயே ஒரு உப்புக் களப்பு இருக்கிறது, ஆயிரக்கணக்கில் பூநாரைகள் நிற்கின்றன என்று படத்தில் பார்த்திருந்தேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "சரி, போவம்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வண்டி நிற்கிற கிழமை சம்பளம் நின்ற கிழமை என்று கணக்குப் பார்க்கிற மனுசன். மகளின் பட்டமளிப்புக்கே இரவு ஓட்டம் முடித்து நேரே வந்தவர். நான் காரணம் கேட்கவில்லை. கேட்டு, மனம் மாறிவிட்டால் என்ன செய்வது?

சொந்தக்காரர்கள் கேட்டது ஒரே கேள்வி. "அங்கை ஆர் இருக்கினம்?" எங்கள் சனம் உல்லாசப் பயணம் போவதென்றால் லண்டனில் சித்தப்பா, பாரிசில் மச்சான், சுவிசில் பெரியம்மாவின் மகள் என்று யாராவது ஒருவரின் வீட்டு வரவேற்பறையில்தான் போய் இறங்கும். ஒருத்தரும் இல்லை என்றேன். "ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஏன் போறியள்?" என்று மச்சாள் உண்மையாகவே கவலைப்பட்டாள். பறவை பார்க்க என்றால் இன்னும் கவலைப்படுவாள் என்று, டிக்கெட் மலிவு என்று சொல்லி வைத்தேன். அவள் ஒரு போத்தல் மிளகாய்த்தூள் கட்டித் தந்தாள்.

காலியாரிக் களப்பு நான் நினைத்ததுபோல் ஒதுக்குப்புறமாக இருக்கவில்லை. ஒரு பக்கம் மாடிவீடுகள், பல்கனிகளில் காய்கிற உடுப்புகள், பின்னால் பெருந்தெரு. மறுபக்கம் பழைய உப்பு வாய்க்கால்கள், நாணல், அதற்கப்பால் கடல். நடுவில் கணுக்கால் ஆழத் தண்ணீரில் பூநாரைகள். முதல் பார்வைக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தன. ஒன்று சிறகை விரித்தபோதுதான் உள்ளே சிவப்பு இருந்தது. அந்த ஊர்ப் பழைய பாஷையில் அவற்றுக்குச் சிவந்த சனம் என்று பெயராம். தலையைக் கவிழ்த்துத் தண்ணீரைச் சப்பிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பக்கம் நிற்கிற எங்கள் சனம்தான் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொன்னேன், சிரித்தார்.

முதல் இரண்டு நாளும் நல்ல நாட்கள். நெடுங்கால் உள்ளான்கள் இருந்தன, சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று நாணலுக்கு மேல் தாழப் பறந்து போனது. அவர் எல்லாவற்றுக்கும் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பூநாரை தாராவா கொக்கா என்று தீர்மானிக்க முடியாமல் இருந்தது அவருக்கு. ஆழம் கூடிய இடத்தில் மிதக்கவும் செய்தது, காலூன்றி நிற்கவும் செய்தது. "உது கள்ளச் சாமான்" என்றார்.

அடுத்த நாள் காலையில் மகளுக்கு அனுப்ப ஒரு வீடியோ எடுக்கலாம் என்று போனை ரெலஸ்கோப்பின் கண்ணில் பொருத்தினேன். அப்படிச் செய்தால் குழாய் காண்பதெல்லாம் போன் திரையில் வரும். குழாயைத் தாங்குகிற முக்காலியின் திருகு ஒன்று பயணத்தில் தளர்ந்துவிட்டிருந்தது. போனின் பாரத்துக்குக் குழாய் மெல்ல மெல்லக் கீழே சாய்ந்தது. அவரைக் கூப்பிட்டு, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கைபிடியைக் காட்டினேன்.

"இதிலை சும்மா கையை வைச்சுக்கொண்டு நில்லுங்கோ. அமத்தாதேங்கோ."

அவர் உடனே வைக்கவில்லை. பிறகு வலது கையை வைத்தார். திரையில் பூநாரைகள் நடுங்கத் தொடங்கின. பின்னால் மாடிவீடுகளும், பல்கனி உடுப்புகளும் சேர்ந்து நடுங்கின. காற்று என்று நினைத்தேன். தலையை நிமிர்த்தி நாணலைப் பார்த்தேன், ஒரு தாள் அசையவில்லை. தண்ணீர் தட்டையாகக் கிடந்தது.

"கையை எடுங்கோ" என்றேன். எல்லாம் நின்றுவிட்டன. "வையுங்கோ" என்றேன். மறுபடி அதே நடுக்கம், ஒரே சீராக, ஒரே வேகத்தில். தூரத்தில் இருக்கிறதைப் பெருப்பிக்கிற குழாய் பக்கத்தில் இருக்கிறதையும் பெருப்பித்துவிட்டது. கையை நேரே பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவு சின்ன நடுக்கம்.

"வந்ததோ வீடியோ?"

"வந்தது" என்றேன்.

அன்றைக்கு முழுக்கப் பார்த்தேன். பார்ப்பதுதானே எனக்குத் தெரிந்த தொழில். கோப்பிக் கோப்பையைத் தூக்கும்போது கை நடுங்கவில்லை. பாண் துண்டைப் பிய்க்கும்போது, சப்பாத்து நூல் கட்டும்போது நடுங்கவில்லை. ஒரு வேலையும் இல்லாமல் கிடக்கும்போதுதான் பெருவிரல் முதலில் தொடங்கியது. தொடங்கியதும் இடது கை வந்து அதைப் பொத்திக்கொண்டது, அல்லது அது காற்சட்டைப் பொக்கெற்றுக்குள் போனது. இடது கை எவ்வளவு பழகியிருந்தது என்பதிலிருந்து இது நேற்றுத் தொடங்கியதல்ல என்று தெரிந்தது. கோயிலில் கட்டிக்கொண்டு நிற்கிற கை, விருந்துகளில் எப்போதும் ஒரு பிளேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிற கை, எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. நான் பெருமைப்பட்ட அந்தச் சொல்வழியும் நினைவுக்கு வந்தது.

நான் டொக்டர் இல்லை. பார்க்கின்சன் நோயின் தொடக்கமாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். எதுவானாலும் ட்ரக் ஓடுகிற ஒருவரின் கை. டொக்டரிடம் போனால் லைசென்ஸ் கொடுக்கிற இடத்துக்கு எழுதிப்போடுவார்கள், லைசென்ஸ் பறிபோகும். அவருடன் ஓடிய ஒருவருக்கு வலிப்பு வந்தபோது அப்படித்தான் நடந்தது. அந்த மனுசன் இப்போது ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். டொக்டரிடம் போகாவிட்டால் நாற்பது தொன் பாரத்தோடு நானூற்றொன்று பெருந்தெருவில் இவர் போவார், பக்கத்து லேனில் யாரோ பிள்ளைகளைப் பின்சீற்றில் வைத்துக்கொண்டு போவார்கள். எனக்குப் பயமாக இருந்தது. கோபமும் வந்தது, எனக்குச் சொல்லவில்லையே என்று. இரண்டையும் வெளியே விடவில்லை. என் முகம் தன்பாட்டில் தன் வேலையைச் செய்தது.

கடைசிக் காலையில் நாணல் பக்கத்தில் பறவை பார்க்கக் கட்டிய மறைவிடத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். வயதானவர், தன் ரெலஸ்கோப்போடு வந்திருந்தார். அவருக்கு இங்கிலீஷ் இல்லை, எங்களுக்கு அவருடைய பாஷை இல்லை. திடீரென்று ஒரு சத்தம் போட்டார். குழாயை விட்டு விலகி நின்று, வா வா என்று எனக்குக் கை காட்டினார். நாணல் இடுக்கில் ஒரு நீலத் தாழைக்கோழி, சிவந்த மூக்கோடு, பின்னால் கறுத்தக் குஞ்சுகள். நான் பார்த்துவிட்டு நகர்ந்தேன். கிழவர் இன்னும் குனியவில்லை. என் கணவரைக் காட்டினார். இவர் பார்க்கும்வரை தான் பார்க்க மாட்டார்.

இவர் குனிந்தார், கை பின்னால் போனது. நான் பின்னால் நின்றேன். இடது கை வலது மணிக்கட்டை விரல்கள் வெளிறும்படி இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பிடிக்குள்ளும் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது. கிழவர் தான் கண்டதை இரண்டு அந்நியருக்குக் கொடுத்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். நான் கண்டதை வைத்துக்கொண்டு நின்றேன்.

விமானத்தில் அவர் கையைத் தொடைக்குக் கீழே வைத்து நித்திரை கொண்டார். நான் ஒரு படத்தைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருந்தேன்.

ரொறொன்ரோவுக்கு வந்து சேர்ந்தது சனிக்கிழமை. திங்கட்கிழமை விடியப் பிறம்ரனில் வண்டி எடுக்க வேண்டும் என்று அவருக்கு மெசேஜ் வந்திருந்தது. மொன்றியல் ஓட்டம். இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது என்று எனக்குள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. ஞாயிறு காலையில் அவர்தான், "சதுப்புக்குப் போகேல்லையோ?" என்று கேட்டார். பூநாரையைக் கண்டுவிட்டு வந்த கையோடு கனடா வாத்தைப் பார்க்கப் போவது கொஞ்சம் இறக்கம்தான். போனோம்.

சிவந்த தோள்பட்டைக் கறுப்புக் குருவிகள் நாணல் நுனிகளில் இருந்து கத்திக்கொண்டிருந்தன. பாலத்தில் ஒரு றெயின் போனது. நான் முக்காலியை விரித்துக் குழாயை மறுகரைப் பக்கம் திருப்பினேன். பெரிய நீல நாரை ஒன்று நின்றது. அது நின்றது என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன நிக்குது?" என்று வாங்கில் இருந்து கேட்டார்.

"ஒண்டுமில்லை."

அவர் எழும்பி வந்தார். குழாயில் கண் வைக்கவில்லை. கையைப் பின்னால் கட்டவும் இல்லை, பொக்கெற்றுக்குள் விட்டிருந்தார்.

"கிளினிக் முகத்தை வைச்சுக்கொண்டு ஒண்டுமில்லை எண்டுறீர்" என்றார். "கண்டிட்டீர் என்ன?"

நான் குழாயை விட்டு நிமிர்ந்தேன். "ஓம். கண்டனான்."

"அங்கை, போன் வைச்சு எடுக்கேக்கை."

"ஓம்."

"அண்டு தொடக்கம் உந்த முகம்தான். உம்மடை முகத்தைப் பாத்தே எனக்கு விளங்கீட்டுது, சின்ன விஷயம் இல்லையெண்டு."

கட்டிலில் படுத்திருக்கிற அன்ரிமார் எல்லோரும் என் முகத்தில் எதையாவது வாசிக்கத்தான் பார்த்தார்கள். ஒருவருக்கும் முடிந்ததில்லை என்று நான் நினைத்திருந்தேன். எழுத்தில்லாத முகமே ஒரு பதில்தான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கூடிவிட்டது. வாத்துகள் இரண்டு திரும்பிப் பார்த்தன.

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொல்லத்தான் பாத்தன். வாய் வரேல்லை. ஸ்டியரிங் பிடிக்கேக்கை நடுங்காது, அப்ப ஒண்டுமில்லை எண்டு நினைப்பன். வண்டியை நிப்பாட்டினவுடனை திரும்பத் தொடங்கும். லைசென்ஸ் போனா நான் என்ன செய்யிறது சொல்லும், எனக்கு வேறை என்ன தெரியும்?" என் பக்கம் திரும்பினார். "நீர் அந்தத் தீவுக்குப் போவமெண்டு கேக்க நான் ஏன் ஓம் எண்டனான் எண்டு நினைக்கிறீர்? பூநாரை பாக்கவோ?"

நான் குழாயின் கண்ணுக்கு மூடியைப் போட்டேன்.

"இஞ்சை எங்களுக்கு ஒரு நேரம் இல்லை. அங்கை கிழமை முழுக்கப் பக்கத்திலை நிப்பீர். எங்கையோ தூரத்திலை இருக்கிற குருவியின்ரை கால் நிறம் வரைக்கும் சொல்லுறனீர். என்னைக் காணாமலோ விடப்போறீர் எண்டு நினைச்சன். கண்டா கத்துவீர், பிறகு நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நீர் என்னெண்டா வாயே திறக்கேல்லை."

நான் போய் வாங்கில் இருந்தேன். பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றி அவரிடம் நீட்டினேன். வாங்கும்போது கை நடுங்கவில்லை. அது எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"நாளைக்கு?" என்றேன்.

"இண்டைக்கே போன் பண்ணி வரேலாது எண்டு சொல்லுறன்" என்றார். "பிறகு டொக்டரிட்டைப் போவம். நீரும் வாரும்."

"லீவு போடுறன்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு பொக்கெற்றில் இருந்து கார்த் திறப்பை எடுத்து என் மடியில் வைத்தார். இத்தனை வருசத்தில் அவர் இருக்கிற காரை நான் ஓடியதில்லை. ஓடினால் ஒவ்வொரு சந்தியிலும் பிரேக்கைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்க வேண்டிவரும். நான் முக்காலியை மடக்கினேன். நாரை இன்னும் அங்கேதான் நின்றது. "கொக்கு ஒண்டு நிண்டது" என்றேன். "நான் கண்டனான்" என்றார்.

கிங்ஸ்ரன் றோட்டில் ஏறியபோது, அவர் வலது கையை எடுத்து முழங்காலின்மேல் வைத்தார். இடது கை அதைப் பொத்த வரவில்லை. வலது கை வெளிச்சத்தில் கிடந்தது. பெருவிரல் தொடங்கியது.

பறவை பார்க்கிறவர்கள் ஒன்றைக் கண்டால் அடையாளங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்வார்கள். மற்றவர் ஒத்துக்கொண்டால்தான் அது கண்டதாகக் கணக்கு. நான் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வலது கை."

"ஓம்."

"சும்மா கிடக்கேக்கை மட்டும்."

"ஓம்."

"பெருவிரல்தான் முதல்."

"ஓம்" என்றார். "வலது காலிலும் கொஞ்சம். அது நீர் காணேல்லை."

அதை நான் காணவில்லைத்தான். சிவப்பு லைற்றில் நிறுத்தினேன். ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து அவருடைய கையின்மேல் வைத்தேன். நடுக்கம் நிற்கவில்லை. என் கையும் சேர்ந்து ஆடியது. அப்படியே வைத்துக்கொண்டு இருந்தேன்.

"லைற் மாறீட்டுது" என்றார். "எடும்."